மேல்பக்கம்

பயிற்சியின் முதல்நாள் சொன்னார்கள்:
மண் உருளை செய்யாது.
மண்ணுக்கு விளிம்பு பிடிக்காது.
நேராக ஒன்று தெரிந்தால்
அளவாக ஒன்று தெரிந்தால்
அது கை செய்தது.
உன் கையை எடு.

நல்ல விதி. ஆறு வருசமாக
என் பத்து விரலையும் அதுதான் வைத்திருக்கிறது.

ஆனால் அம்பகாமத்துக் காடு
அந்த வகுப்புக்கு வரவில்லை.
என் முழங்காலுக்குப் பக்கத்தில்
குழியானை ஒன்று கவராயம் இல்லாமல்
கூம்பைத் தலைகீழாக இறக்கி வைத்திருக்கிறது,
சரிவில் ஒரு மணல் கூடவுமில்லை குறையவுமில்லை.
போன மாரியில் செத்த நத்தை,
தன்னையே சுற்றி ஏறிப்போன கூம்பு.
யானை விழுங்கிக் கழித்த விளாங்காய்
ஓடு முழுசாக, உள்ளே ஒன்றுமில்லாமல்.
பாலைமரக் கொப்பில் குளவி கட்டிய ஆறுமூலை அறைகள்:
அந்தக் கூடு விழுந்த அன்று
கொன்சி தலைதெறிக்க ஓடினாள்,
ஓடியும் வெள்ளைக் கட்டைக்கு வெளியே
ஒரு கால் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, பத்தரை.
குளக்கட்டுக்குக் கீழே பதினாலாம் ஒழுங்கை.
மெசின் கத்தியது. பெரிய கத்தல் இல்லை,
குழந்தை நித்திரையில் முனகுகிற மாதிரி.
பக்கவாட்டில் சுரண்டிக்கொண்டு போனேன்.
பன்னிரண்டு சென்ரிமீற்றரில்
வெள்ளையாக ஒரு வளைவு.

ஒரு வளைவு போதும்.
மிச்ச உருண்டையைப்
பயம் கீறி முடித்துவிடும்.

முகக்கவசத்துக்குள் மூச்சுப் புகார் கட்டியது.
தூரிகையால் தட்டினேன்.
இன்னொரு வளைவு. அதை ஒட்டி இன்னொன்று.
மூன்று உருண்டை தொட்டுக்கொண்டு கிடந்தால்
நடுவில் ஒரு பள்ளம் வரும்,
நாலாவது அதில்தான் குந்தும்.
குந்தியிருந்தது.

பாலாமை முட்டைகள்.
பதினொன்று.
தேசிக்காயிலும் சின்னன்.
கத்தியது அவை இல்லை. பக்கத்தில்
துருப்பிடித்த ஒரு செல்துண்டு,
எந்தத் திண்மத்தின் பெயரும் அதற்குப் பொருந்தவில்லை.

குணாளன் வந்து குந்திப் பார்த்தார்.
“முப்பது சென்ரிமீற்றர் எண்டால் முப்பது.
முட்டைக்கெண்டு தனிச்சட்டம் இல்லை.”
“எடுக்கிறன். ஒரு பென்சில் தாங்கோ.”

கோளத்துக்கு மேல் இல்லை, கீழ் இல்லை.
எப்படிப் புரட்டினாலும் அதே கோளம்.
சாதாரணதரத்தில் நாலு பை ஆர் வர்க்கத்துக்கு
எனக்கு முழுப் புள்ளி.
முட்டை அப்படியில்லை.
உள்ளே இருப்பது மேல்பக்கத்து ஓட்டில் ஒட்டிக்கொண்டு
அங்கிருந்துதான் தொடங்குகிறது.
உருட்டினால் அமிழ்ந்துபோகும்.
நாலு வருசத்தில் எத்தனை இடம்
உருட்டிக்கொண்டு திரிந்தார்கள் எங்களை.
எழுதவேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு புள்ளி.
எச்.பி. பென்சில்.
என் சோற்றைக் கொன்சியின் பெட்டியில் கொட்டிவிட்டு
என் பெட்டியில் ஈரமணல் நிரப்பி
பதினொரு தரம் குனிந்தேன், பதினொரு தரம் நிமிர்ந்தேன்.
வெட்டி முடித்த நிலத்தில், அதே ஆழத்தில்,
புள்ளி வானத்தைப் பார்க்க மூடினோம்.

அவை கிடந்த குழியை
முப்பது வரைக்கும் தோண்டினேன்.
மண் மட்டும்தான்.

படிவத்தில் நாலு கட்டம்:
வடிவம், எண்ணிக்கை, ஆழம், நிலை.
கோளம். பதினொன்று. பன்னிரண்டு.
கடைசிக் கட்டத்தில் நான் எழுதியதைக்
குணாளன் வெட்டவில்லை:
மேல்பக்கம் குறிக்கப்பட்டது.

மத்தியானம் ஒரு பெட்டியில் இரண்டு பேர்.
கொன்சி கேட்டாள்:
“மண் உருளை செய்யாது, சரி. உருண்டை?”
பருப்பும் சோறும் பிசைந்து
ஒன்று பிடித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
கை செய்தது.
அவ்வளவு உருண்டையாக வரவில்லை.